கண் விழிக்காத கம்ப்யூட்டர்



தையல் மெஷின், மிக்சி, தண்ணீர் பம்பு என்று வீட்டுச் சாமான்களின் கோளாறுகளைப் பற்றி இந்தப் பகுதியில் பேசி வருகிறோம். இந்த முறை கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்கிறேன். "அதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பெரட்டுக் களத்தில் நின்று பழகியவர்களுக்கு இது பட்டென்று விளங்கும்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. குளுவாங்கில் நல்ல மழை. விளக்கேற்றிவிட்டுத் தேநீரோடு உட்கார்ந்தேன். ரெங்கத்திலிருந்து அக்காள் போன் செய்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர் செத்துப் போச்சுப்பா. கடைக்காரப் பையன் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடணும்கிறான். அத்தான் எழுதி வச்ச கோயில் கணக்குப் பூரா அதுலதானே இருக்கு! நாளை மறுநாள் கூட்டம். நான் எதைக் காட்டுவேன்?"

அத்தான் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு ஆண்டுகள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பொருளாளர். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டியே திருவிழா வரவு செலவு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். சென்ற ஆண்டு அவர் காலமானார்.

தோட்டத்துக் கோயில் கணக்கு என்றால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து வெள்ளி இடித்தாலும் ஊர் வாய் சும்மா இருக்காது. எழுதியவர் உயிரோடு இருந்தால் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்வார். இல்லாதவருக்காக யார் பேசுவது? அக்காளின் குரல் நடுங்கியதற்குக் காரணம் கம்ப்யூட்டர் அல்ல, அத்தானின் பெயர்.

"அக்கா, எதையும் அழிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. பெட்டியை அப்படியே வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க. கழற்றி எடுத்த பழைய சாமான் ஏதாவது இருந்தா அதையும் கேட்டு வாங்கிடுங்க. காலையிலே நான் வர்றேன்" என்றேன்.

வாசகர்களே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கம்ப்யூட்டர் கண் விழிக்கவில்லை என்பதும், அதில் இருந்தது அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் உள்ளே எல்லாம் பத்திரமாகவே இருக்கும். எழுப்புகிற ஆள்தான் காணாமல் போயிருப்பார். காரணம் தெரியும் முன்னே அழித்துவிட்டால், பிறகு காரணம் தெரிந்தும் பயனில்லை.

மறுநாள் காலை ரெங்கம் போய்ச் சேர்ந்தேன். முதலில் பெட்டியின் வரலாற்றைக் கேட்டேன். வைத்தியர் நாடி பிடிப்பதற்கு முன் நாலு கேள்வி கேட்பார் அல்லவா? அதுபோல.

2017-இல் வாங்கிய பெட்டி அது. உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க். 2021-இல் வேகம் குறைந்துவிட்டதென்று யாரோ ஒரு தம்பி புதிதாக எஸ்.எஸ்.டி. என்ற வேக டிஸ்க் ஒன்றைப் போட்டு, விண்டோஸைப் புதிய டிஸ்க்கில் நிறுவியிருக்கிறார். பழைய டிஸ்க்கும் படங்கள் வைக்கும் கிடங்காக உள்ளேயே இருந்தது. போன வாரம் பழைய டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போடத் தொடங்கியது. பட்டணத்துக் கடையில் கொடுத்தார்கள். பழையதைக் கழற்றினார்கள். அவ்வளவுதான், கறுப்புத் திரை வந்துவிட்டது. "பூட் ஆகிற டிஸ்க் எதுவும் இல்லை" என்ற பொருளில் ஒரே ஒரு வரி. "புதிய டிஸ்க்கும் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும்" என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கடைப் பையனை நான் குறை சொல்லவில்லை. அழித்துப் போடுவது ஒரு மணி நேர வேலை. காரணம் தேடினால் அரை நாள் ஓடிவிடும். ஆனால் அவருக்கு அது ஒரு பெட்டி. அக்காளுக்கு அது அத்தான்.

என் மருமகள் படிவம் ஐந்து படிக்கிறாள். பெட்டியைத் திறந்ததும் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமா, விண்டோஸ் புது டிஸ்க்கிலேதானே இருக்கு? பழசைக் கழற்றினா ஏன் புதுசு எழுந்திரிக்க மாட்டேங்குது?" என்றாள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

தோட்டத்தில் பொழுது எப்படி விடிந்தது என்று நினைத்துப் பாருங்கள். எல்லாரும் தாமாக எழுந்து நிரைக்குப் போய்விடவில்லை. முதலில் விழித்தவர் காவல்காரர். இருட்டில் அவர் போய் மண்டோர் வீட்டுக் கதவைத் தட்டினார். மண்டோர் எழுந்து ஆட்களைக் கூப்பிட்டு, பெரட்டில் பேர் வாசித்து, ஒவ்வொருவரையும் அவரவர் வேலைக்கு அனுப்பினார்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். மதர்போர்டில் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அதற்குள் இருக்கும் தொடக்க நிரலுக்குப் பழைய பெயர் பயாஸ், இன்றைய பெயர் யு.இ.எஃப்.ஐ. இதுதான் காவல்காரர். சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது இதுவே. எந்த டிஸ்க்கின் கதவை முதலில் தட்டுவது, அடுத்து எது என்று அதன் கையில் ஒரு சீட்டு இருக்கும். அதைப் பூட் வரிசை என்கிறார்கள். டிஸ்க்கில் குடியிருக்கும் மண்டோருக்குப் பூட் லோடர் என்று பெயர். விண்டோஸின் மண்டோர் விண்டோஸ் பூட் மேனேஜர். லினக்ஸின் மண்டோர் பெரும்பாலும் கிரப். இவர் எழுந்து விண்டோஸை அல்லது லினக்ஸை எழுப்பினால்தான் நமக்குத் திரையில் படம் தெரியும்.

பழைய காலத்தில் இந்த மண்டோருக்கு வீடு மிகச் சிறியது. 1983-இல் ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் வசதியோடு டாஸ் 2.0 வந்தபோது, டிஸ்க்கின் முதல் துண்டான 512 பைட்டுக்குள்ளேயே அவர் இருந்தார். அதிலும் பாகப் பட்டியலுக்கு இடம் விட்டால் அவருக்கு மிஞ்சியது 446 பைட்டுத்தான். 2005-இல் பல கம்பெனிகள் கூடி யு.இ.எஃப்.ஐ. அமைப்பை ஏற்படுத்தின. அந்த முறையில் மண்டோருக்குத் தனி வீடே கொடுத்துவிட்டார்கள். டிஸ்க்கில் 100 மெகாபைட்டோ அதற்குச் சற்று மேலோ உள்ள ஒரு சிறு பாகம் அது. இ.எஃப்.ஐ. பாகம் என்று பெயர்.

ஒரு டிஸ்க் இருக்கும்வரை குழப்பமில்லை. இரண்டு மூன்று டிஸ்க் சேர்ந்தால்தான் வில்லங்கம். புதிய டிஸ்க்கில் விண்டோஸை நிறுவும்போது பழைய டிஸ்க்கும் உள்ளே இருந்தால், நிறுவுகிற நிரல் சுற்றுமுற்றும் பார்க்கும். "ஏற்கனவே ஓர் இ.எஃப்.ஐ. பாகம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று புது மண்டோரையும் பழைய டிஸ்க்கின் வீட்டிலேயே குடிவைத்துவிடும். ஆட்கள் எல்லாம் புது லயத்தில், மண்டோர் மட்டும் பழைய லயத்தில்! பழைய டிஸ்க் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கழற்றிய அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும்.

சமையலறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்காள் கரண்டியோடு வந்து நின்றார்.

"அப்போ, மண்டோர் வீட்டை இடிச்சிட்டு, ஆளுங்க வேலைக்கு வரலேன்னு லயத்தையே கொளுத்தப் பார்த்தாங்களா?"

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லிவிடாது.

இப்போது, நான் அங்கே செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே வரிசையில் பாருங்கள். சுலபமானதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும்.

முதலாவது, பெட்டியில் செருகியிருக்கும் பென் டிரைவ், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். காவல்காரரின் சீட்டில் பென் டிரைவ் முதலாவதாக இருந்தால், அவர் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றுவிடுவார். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடலாம்.

இரண்டாவது, தேதியைப் பாருங்கள். சுவிட்சைப் போட்டதும் எஃப் 2 அல்லது டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தால் செட்டப் திரை வரும். எச்.பி. பெட்டிகளில் எஃப் 10. அங்கே தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற காசு வடிவப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். அது மூன்று வோல்ட் பேட்டரி. சில வெள்ளிதான் விலை. பேட்டரி தீர்ந்தால் சில பெட்டிகளில் நாம் வைத்த பூட் வரிசையும் கலைந்துவிடும். இடி மின்னலுக்குப் பயந்து நாம் பிளக்கைப் பிடுங்கி வைக்கிறோம் அல்லவா? அது நல்ல பழக்கம்தான். ஆனால் மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அந்தப் பேட்டரி என்பதால் அது சீக்கிரம் தீரும். பேட்டரியை மாற்றி, தேதியையும் பூட் வரிசையையும் திருத்தினால் போதும்.

மூன்றாவது, அதே திரையில் உங்கள் டிஸ்க்குகளின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் அது மண்டோர் தகராறு அல்ல. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, டிஸ்க்குக்குப் போகும் கேபிளைக் கழற்றி மறுபடி இறுக்கமாகச் செருகுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் டிஸ்க் கெட்டிருக்கலாம். அக்காள் வீட்டில் புதிய டிஸ்க்கின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அது கெட்டுவிட்டது என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

நான்காவது, பூட் மெனு. சுவிட்சைப் போட்டதும் டெல், லெனோவோ பெட்டிகளில் எஃப் 12, எச்.பி.யில் எஃப் 9, எம்.எஸ்.ஐ.யில் எஃப் 11 பொத்தானைத் தட்டினால், "எந்தக் கதவைத் தட்டட்டும்?" என்று காவல்காரர் உங்களையே கேட்பார். ஒவ்வொன்றாகத் தேர்ந்து பாருங்கள். ஒன்றில் விண்டோஸ் எழுந்துவிட்டால் கோளாறு வரிசையில்தான். செட்டப் திரைக்குப் போய் அதை முதலாவதாக வைத்துவிடுங்கள்.

ஐந்தாவது, செட்டப் திரையில் லெகசி அல்லது சி.எஸ்.எம். என்று ஒரு வாசகம் இருக்கும். அது பழைய பயாஸ் முறை. ஒரு டிஸ்க்கில் பழைய முறையிலும் இன்னொன்றில் புதிய முறையிலும் நிறுவியிருந்தால், ஒரு முறையில் எழுந்த மண்டோரால் மறு முறையில் நிறுவியதை எழுப்ப முடியாது. இதை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் முன்பு எப்படி இருந்தது என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு மாற்றுங்கள். போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்த ஐந்தும் எதையும் அழிக்காதவை. துணிந்து செய்யலாம்.

அக்காள் வீட்டில் ஐந்தும் பலிக்கவில்லை. அதன் பிறகு மண்டோரைத் தேடும் முன்னே பொருளை வெளியே எடுத்துவிடுவதுதான் புத்தி. வீட்டிலிருந்தே ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொண்டு போயிருந்தேன். இது இலவசம். 8 கிகாபைட் பென் டிரைவ் போதும். பூட் மெனுவில் அந்தப் பென் டிரைவைத் தேர்ந்தால், கம்ப்யூட்டரின் டிஸ்க்கைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து ஒரு முழுத் திரை எழுந்து வரும். அந்தத் திரையில் 'இன்ஸ்டால்' என்று ஒரு படம் இருக்கும். அதை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

புதிய டிஸ்க்கைத் திறந்தேன். அத்தானின் பெயரில் ஒரு கோப்புறை. அதற்குள் 'கோயில்'. அதற்குள் ஆண்டுவாரியாகப் பதினொரு கோப்புகள். அக்காள் ஒன்றும் பேசவில்லை; முந்தானையால் திரையைத் துடைத்தார். திரையில் தூசி எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் வேறொரு பென் டிரைவில் நகல் எடுத்த பிறகுதான் நாங்கள் மூச்சு விட்டோம்.

பழைய டிஸ்க்கையும் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதைத் திரும்ப மாட்டினால் பெட்டி அப்போதே எழுந்திருக்கக்கூடும். நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கைக் கழற்றியதால் வந்த கோளாறு என்றால், அதைத் திரும்ப மாட்டுவதுதான் முதல் வைத்தியம். ஆனால் இது 'டக் டக்' என்று சத்தம் போடும் டிஸ்க். சாகக் கிடக்கும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓட்டக்கூடாது. எந்த ஓட்டம் கடைசி ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒரே ஒரு முறை இணைத்து, முக்கியமான படங்களை முதலில் எடுத்தோம். இடிபடுவதற்கு முன் அத்தான் பிடித்த பழைய லயத்துப் படங்கள் அதில் இருந்தன. பாதிக்கு மேல் வந்தன. மீதி வரவில்லை. அதற்குமேல் தொந்தரவு செய்யாமல் எடுத்து வைத்துவிட்டோம்.

பிறகு நோய்க்கு வந்தோம். லினக்ஸில் டிஸ்க்குகளின் பாகங்களைக் காட்டும் கருவி இருக்கிறது. அதில் பார்த்தால், பழைய டிஸ்க்கில் இ.எஃப்.ஐ. பாகம் இருந்தது, புதிய டிஸ்க்கில் இல்லவே இல்லை. நாங்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்று ஒன்று உண்டு. சின்னச் சின்னப் பழுதுகளை அது தானாகவே சரி செய்யும். இங்கே அது பலிக்கவில்லை. வீடே இல்லாத இடத்தில் மண்டோரை எங்கே குடிவைப்பது? அதனால் விண்டோஸ் இருந்த பாகத்தின் ஓரத்தில் 300 மெகாபைட் இடத்தைச் சுருக்கி எடுத்தேன். அங்கே ஃபேட் 32 முறையில் ஓர் இ.எஃப்.ஐ. பாகம் அமைத்தேன். பிறகு அந்தப் பென் டிரைவின் கட்டளைத் திரையிலிருந்து பி.சி.டி.பூட் என்ற சிறு நிரலை ஓட்டினேன். மண்டோரைப் புது வீட்டில் குடிவைப்பது அந்த நிரலின் வேலை. மறுபடி சுவிட்சைப் போட்டோம். விண்டோஸ் எழுந்தது. மருமகள் கை தட்டினாள்.

பாகத்தைச் சுருக்கும் வேலையைப் பழக்கமில்லாதவர்கள் தாமாகச் செய்ய வேண்டாம். கடையில் கொடுத்தே செய்யலாம். ஆனால் கொடுக்கும்போது இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லிக் கொடுங்கள். ஒன்று: "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது." இரண்டு: "புது டிஸ்க்கில் இ.எஃப்.ஐ. பாகம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்." மூன்று: "கழற்றிய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்." விஷயம் தெரிந்தவர் கேட்கிறார் என்று தெரிந்தால் கடைக்காரரும் சற்று நின்று யோசிப்பார்.

இன்னொரு எச்சரிக்கை, மிக முக்கியமானது. புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க்குக்குப் பிட்லாக்கர் என்ற பூட்டுத் தானாகவே விழுந்துவிடுகிறது. செட்டப் திரையில் எதையாவது மாற்றினால், அது திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் டிஸ்க்கை யாராலும் திறக்க முடியாது. பெட்டி நன்றாக இருக்கும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண்ணைத் தேடிக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரம் வைக்கும் இடத்தில் அதுவும் இருக்கட்டும். அக்காள் வீட்டுப் பெட்டி பழையது. பூட்டு இல்லாததால் தப்பித்தோம்.

இந்தச் சிக்கல் இனி அதிகமாகும் என்பதாலும் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2017-இல் வாங்கிய பெட்டிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. பெட்டியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள் இரண்டாவது டிஸ்க் போட்டு லினக்ஸ் நிறுவிக்கொள்கிறார்கள். ஒரே பெட்டியில் இரண்டையும் வைப்பது புதிதல்ல. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸும் இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்த பெட்டிகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் இரண்டு மண்டோர்கள் ஒரே வீட்டில் குடியிருந்தால் என்றாவது ஒரு நாள் உரசல் வரும். 2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. பலவீனமான பழைய லினக்ஸ் மண்டோர்களை வாசலிலேயே தடுப்பது அதன் நோக்கம். இரண்டு சிஸ்டமும் சேர்ந்திருக்கும் பெட்டிகளைத் தொடாது என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவற்றில் பலவற்றைத் தொட்டுவிட்டது. உலகம் முழுவதும் எத்தனையோ பேருக்கு மறுநாள் லினக்ஸ் எழவில்லை. பாதுகாப்பு விதி மீறல் என்று திரை சொன்னது. அங்கேயும் எவருடைய கோப்பும் அழியவில்லை. மண்டோரைத்தான் காவல்காரர் உள்ளே விடவில்லை. செட்டப் திரையில் செக்யூர் பூட் என்ற காவலைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், புதிய தடையை நீக்கியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பதற்றத்தில் ஃபார்மட் செய்தவர்கள்தான் இழந்தார்கள்.

லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸின் பெயர் பட்டியலில் காணோம் என்றாலும் பயப்பட வேண்டாம். 2021-இல் வந்த கிரப் 2.06-லிருந்து, மற்ற டிஸ்க்குகளில் என்ன இருக்கிறது என்று தேடிப் பட்டியலில் சேர்க்கும் வேலையைப் பாதுகாப்புக் கருதி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். லினக்ஸின் சில வகைகளில் அதை நாமே இயக்கிவிட வேண்டும். அதுவரை பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்து போய்க்கொண்டிருக்கலாம்.

இத்தனைக்கும் ஒரே ஒரு முன்யோசனை போதும். புதிய டிஸ்க்கில் எதை நிறுவினாலும், அந்த நேரத்தில் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்போது அந்த டிஸ்க்கின் மண்டோர் அந்த டிஸ்க்கிலேயே குடியிருப்பார். நிறுவி முடிந்த பிறகு மற்றவற்றை மாட்டிக்கொள்ளலாம். நாளைக்கு எந்த டிஸ்க்கைக் கழற்றினாலும் மற்றது தன் காலில் நிற்கும். 2021-இல் அந்தத் தம்பி இரண்டு நிமிடம் செலவழித்து ஒரு கேபிளைக் கழற்றியிருந்தால், அக்காள் அந்த வெள்ளிக்கிழமை அழுதிருக்க மாட்டார்.

இன்னொன்று நகல். கூலாய் பக்கத்தில் கூலாய் யங் எஸ்டேட் என்ற செம்பனைத் தோட்டத்தை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அந்த நிலத்தை வாங்க ஒய்.டி.எல். குழுமம் 2021-இல் ஒப்பந்தம் செய்தது. செம்பனை நின்ற இடத்தில் இப்போது பிரம்மாண்டமான தகவல் மையங்கள். இப்படிப்பட்ட மையங்களில் எண்ணற்ற டிஸ்க்குகள் ஓடுகின்றன; எந்த நேரமும் ஏதாவது ஒன்று கெட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் எதுவும் நின்றுவிடுவதில்லை. ஒரே விஷயத்தைப் பல டிஸ்க்குகளில் நகல் வைத்திருப்பதுதான் காரணம். கோடிக்கணக்கில் பணம் போட்டவர்களே டிஸ்க்கை நம்புவதில்லை. நாம் மட்டும் ஒற்றை டிஸ்க்கை நம்பிக் குடும்பச் சொத்தைப் போட்டு வைக்கலாமா? முக்கியமானதை இரண்டு இடத்தில் வையுங்கள். கணக்கு என்றால் ஆண்டுக்கு ஒரு முறை காகிதத்திலும் அச்சடித்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அச்சடித்த தாள்களை மருமகள் வாசித்தாள். நடுவில் ஒரு பெரியவர் எழுந்து, "மேளக்காரருக்கு முன்பணம் கொடுத்தோமே, அது எங்கேம்மா?" என்றார். மருமகள் இரண்டு பக்கம் புரட்டினாள். தேதி, தொகை, ரசீது எண் மூன்றும் இருந்தன. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "மண்டோர் எழுதினது தப்பா இருக்காது" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

அக்காள் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டிருப்பார்.

இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நகல் எடுத்து வையுங்கள். பூட் மெனுவுக்கு எந்தப் பொத்தான் என்று கண்டுபிடித்து ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இருட்டில் தேடுவதைவிட வெளிச்சத்தில் எழுதி வைப்பது சுலபம்.

அடுத்த இதழில் வேறொரு வீட்டுக் கோளாறோடு சந்திப்போம். வணக்கம்.